மடியில் கனம்

"மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்?" என்று நம் பெரியோர் சொல்லி வைத்தார்கள். அவர்கள் மனத்தில் இருந்தது பண முடிப்பும் கள்வர் பயமும். மோட்டார் ஸ்கூட்டர் என்னும் வாகனத்தை அவர்கள் கனவிலும் கண்டதில்லை. ஆயினும் அந்தப் பழமொழி அந்த வாகனத்துக்கென்றே செய்தது போல் அல்லவா இருக்கிறது!

நேயர்களுக்கு இதில் சந்தேகம் இருக்குமானால், ஒரு விடுமுறை நாளில் திருவள்ளூரிலிருந்து ஊத்துக்கோட்டை செல்லும் சாலையோரத்திலோ, கவரைப்பேட்டையைத் தாண்டிக் கும்மிடிப்பூண்டிக்குச் செல்லும் கொல்கத்தா நெடுஞ்சாலையோரத்திலோ அரைமணி நேரம் நின்று பார்க்கலாம். பெரியபாளையத்து அம்மன் சந்நிதிக்கும், சிறுவாபுரி முருகன் கோயிலுக்கும், பூண்டி ஏரிக்கும், பழவேற்காட்டுக்கும் தம்பதிகள் ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருப்பார்கள். ஓட்டுகிற கனவான் இரு கைகளாலும் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். பின்னால் ஒரு பக்கமாக உட்கார்ந்திருக்கும் அம்மாளின் மடியிலோ ஒரு பெரிய பை. அதன்மேல் ஒரு சிறிய பை. தோளில் ஒரு கைப்பை. ஒரு கை பைகளை அணைத்திருக்கும். மற்றொரு கை கணவரின் தோளைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்.

நம் நாட்டில் ஸ்கூட்டர் பிரயாணத்துக்கு மிக அதிகமாக உபயோகமாகும் சாமான் பெட்டி எந்தக் கடையிலும் விற்பதில்லை. அது ஸ்திரீகளின் மடிதான். விலையில்லாமல் கிடைப்பதால் அதைப்பற்றி யாரும் யோசிப்பதும் இல்லை. ஸ்கூட்டரில் ஊர் சுற்றுவதற்கு எப்படிப்பட்ட பைகளை வாங்கலாம் என்பதே இவ்வாரம் நாம் எடுத்துக்கொண்ட விஷயம். பை அழகாக இருக்கிறதா, மலிவாகக் கிடைக்குமா என்பதையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பின்னால் உட்காருகிறவரின் இரு கைகளையும் அந்தப் பை விடுதலை செய்கிறதா என்பதுதான் முதல் கேள்வி.

இதில் என்ன அவ்வளவு ஆபத்து என்று சிலர் கேட்கக்கூடும். மேற்படி கொல்கத்தா நெடுஞ்சாலை சாதாரணச் சாலை அன்று. கும்மிடிப்பூண்டி ஸிப்காட் தொழிற்பேட்டைக்கு இரும்பும், எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களுக்குக் கண்டெய்னர்களும் ஏற்றிய லாரிகள் இரவு பகலாகப் போகும் வழி. அத்தகைய லாரி ஒன்று பக்கத்தில் கடந்து செல்லும்போது எழும் காற்று ஸ்கூட்டரை ஒரு தரம் அசைத்துவிட்டே போகும். அந்தச் சமயத்தில் சாலையில் ஒரு பள்ளமும் குறுக்கிட்டால், பின்னால் இருப்பவரின் கை எதைப் பற்றும்? மடியிலுள்ள பை நழுவுவதைக் கண்டதும் கை தானாகவே பையைத்தான் பிடிக்கும், தன்னைப் பிடித்துக்கொள்ளாது. வாழ்நாளெல்லாம் வீட்டுச் சாமானைக் காப்பாற்றிப் பழகிய கை அல்லவா அது!

நம் சட்டம் செய்தவர்களும் இதை ஒருவாறு உணர்ந்தே இருக்கிறார்கள். 1989-ம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-வது விதி, பின்னால் உட்காருகிறவருக்குக் கைப்பிடியும், கால் வைக்க இடமும், பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் காப்பும் வைத்தே வாகனம் செய்ய வேண்டும் என்று விதிக்கிறது. 'ஸாரி கார்டு' என்று நாம் சொல்லும் கம்பிக் காப்பு அந்த விதியினால் வந்ததுதான். ஆனால் கையில் பையைக் கொடுத்துவிட்டால், சர்க்கார் வைக்கச் சொன்ன கைப்பிடியினால் யாருக்கு என்ன பிரயோஜனம்?

ஸ்கூட்டர் பிறந்த கதையையும் இங்கே கொஞ்சம் பார்க்கலாம். இரண்டாவது உலக மகாயுத்தம் முடிந்த மறுவருஷம், 1946-ல், இத்தாலி தேசத்தில் பியாஜியோ கம்பெனியார் 'வெஸ்பா'வை வெளியிட்டார்கள். அதை வகுத்தவர் கொராடினோ டாஸ்கானியோ என்னும் ஆகாய விமான இஞ்சினீயர். மோட்டார் சைக்கிளில் உள்ளது போல் கால்களுக்கு நடுவே எண்ணெய்க் கறையும் சூடும் இல்லாமல், நாற்காலியில் உட்காருவதுபோல் உட்கார்ந்து போக வேண்டும் என்பதே அந்த அமைப்பின் ரகசியம். புடவைக்கும் வேஷ்டிக்கும் அதைவிடப் பொருத்தமான இயந்திர வாகனம் கிடையாது. நம் பிரதேசமும் இதில் பின்வாங்கிவிடவில்லை. திருவொற்றியூர்த் தொழிற்சாலையில் என்பீல்டு இந்தியா கம்பெனியார் 1960-களில் 'ஃபாண்டாபுலஸ்' என்ற பெயரில் ஒரு ஸ்கூட்டர் செய்தார்கள்.

அக்காலத்து ஸ்கூட்டர்களில் முன்னால் முழங்காலுக்கு எதிரே ஒரு பெட்டியும், மாற்றுச் சக்கரமும் இருந்தன. இக்காலத்து ஸ்கூட்டர்களில் மாற்றுச் சக்கரம் போய்விட்டது; அதற்குப் பதிலாக ஆசனத்தின் கீழே பெரிய டிக்கி வந்திருக்கிறது. ஹோண்டா ஆக்டிவாவின் டிக்கி 18 லிட்டர் கொள்ளும். ஓசூரில் செய்யப்படும் மின்சார ஸ்கூட்டரான ஏத்தர் 450-ல் 22 லிட்டர். டி.வி.எஸ். ஜூபிடர் 125-ல் பெட்ரோல் தொட்டியைக் கால் வைக்கும் பலகைக்கு அடியில் கொண்டுபோய் வைத்துவிட்டபடியால், டிக்கி 33 லிட்டராக வளர்ந்திருக்கிறது. தலைக்கவசம் வைக்க இடம் என்று இந்த டிக்கியை விளம்பரம் செய்கிறார்கள். பிரயாணத்தின்போது தலைக்கவசத்துக்கு உரிய இடம் தலைதான். அதுவும் ஓட்டுகிறவர், பின்னால் இருப்பவர் ஆகிய இருவர் தலையும். ஆகையால் டிக்கி முழுவதும் சாமானுக்கு மிச்சம்.

சரி, எந்தச் சாமானை எங்கே வைப்பது? இது வெறும் வழக்கத்தினால் தீர்மானிக்கக்கூடிய விஷயம் அன்று. பள்ளிக்கூடத்தில் படித்த நெம்புகோல் கணக்கு இங்கேதான் உபயோகப்படுகிறது. சாதாரண ஸ்கூட்டரில் முன்சக்கரத்தின் அச்சுக்கும் பின்சக்கரத்தின் அச்சுக்கும் இடையே சுமார் 126 செண்டிமீட்டர் தூரம். பின் அச்சுக்கு அப்பால் 30 செண்டிமீட்டர் தள்ளி ஒரு பெட்டியைப் பொருத்தி, அதில் 12 கிலோ சாமான் வைப்பதாக வைத்துக்கொள்வோம். பின்சக்கரத்தில் 12 கிலோதான் கூடும் என்று நினைக்கிறோம். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஏறக்குறைய 15 கிலோ கூடுகிறது. அந்த அதிகப்படி 3 கிலோ எங்கிருந்து வந்தது? முன்சக்கரத்திலிருந்து எடுத்துக்கொள்ளப்பட்டது. பின்னாசனத்தில் ஒருவர் உட்கார்ந்ததனால் பெரும்பாலான பாரம் ஏற்கெனவே பின்சக்கரத்தின் மேல் வந்துவிட்டது. அதோடு இதுவும் சேர்ந்தால், வழி காட்ட வேண்டிய முன்சக்கரம் தரையை நன்றாகப் பற்றாமல் மிதக்கத் தொடங்கும். கைப்பிடி ஆடும், முன் பிரேக்கின் வலிமை குறையும்.

மேலும் ஸ்கூட்டரின் சக்கரங்கள் 10 அல்லது 12 அங்குல விட்டமே உள்ள வளையத்தைக் கொண்டவை. மோட்டார் சைக்கிளின் பெரிய சக்கரம் ஏறிக் கடந்துவிடும் பள்ளத்தில் இது இறங்கி எழும். ஆகவே விதி இதுதான்: கனமான சாமான் இரண்டு சக்கரங்களுக்கும் நடுவில், கூடியவரையில் தாழ்வாக இருக்க வேண்டும். லேசான சாமான் மட்டுமே பின்னாலும் உயரத்திலும் போகலாம். நம்மவர்கள் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாகச் செய்கிறார்கள். டிக்கியில் துண்டும் துணியும்; மடியில் தண்ணீர்ப் புட்டியும் சாப்பாட்டு அடுக்கும்!

கடைகளில் கிடைப்பவற்றை இனி ஒவ்வொன்றாகப் பரிசீலிப்போம்.

முதலாவது, ஆசனத்துக்குப் பின்னால் கம்பி அடைப்பின்மேல் பொருத்தும் கெட்டிப் பெட்டி. இதற்குப் பூட்டு உண்டு. கோயில் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுக் குளத்தில் ஸ்நானம் செய்யப் போகிறவர்களுக்கு இது பெரிய மன நிம்மதி. ஆனால் நல்ல பெட்டிகளில் இத்தனை கிலோவுக்கு மேல் வைக்கலாகாது என்று எழுதியிருக்கும். அந்த அளவு பெரும்பாலும் நாம் எதிர்பார்ப்பதைவிடச் சிறியது. பெட்டி பெரிதாக இருக்கிறதே என்று நிறைய அடைத்துவிடக் கூடாது. போர்வை, மாற்றுத் துணி, மழைச் சட்டை ஆகியவற்றுக்கு ஏற்ற இடம் இது. பெட்டி வாங்கும்போது பின்னால் உட்காரப்போகும் அம்மாளையும் கடைக்கு அழைத்துச் சென்று, ஏறி உட்காரச் சொல்லிப் பார்க்க வேண்டும். பெட்டி அவரை முன்னால் தள்ளினால், அது நல்ல பெட்டியாக இருக்கலாம். நமக்கு உகந்த பெட்டி அன்று.

இரண்டாவது, ஆசனத்தின் குறுக்கே போட்டு இரு பக்கமும் தொங்கவிடும் ஜோடிப் பைகள். கழுதை முதுகில் பொதி ஏற்றுகிற பழைய சாஸ்திரந்தான் இது. பாரம் தாழ்வாக இருப்பதால் சிறந்த முறை. ஆனால் பின்னால் இருப்பவர் இரு பக்கமும் கால் போட்டு உட்காருகிறவராக இருந்தால்தான் இது நன்றாக அமையும். ஒரு பக்கமாக உட்காருகிறவரின் கால்கள் இருக்கும் இடத்தையே இடப்பக்கத்துப் பை பிடித்துக்கொள்ளும். வலப்பக்கத்திலோ ஸைலென்ஸர் கொதித்துக்கொண்டிருக்கும். அதன்மேல் நைலான் பை பட்டால் உருகிப் போகும். தனியாகப் போகிறவர்களுக்கும், சல்வார் அணிந்து கால் போட்டு உட்காருகிற பெண்களுக்கும் இதைச் சிபார்சு செய்யலாம். ஸைலென்ஸருக்கும் பைக்கும் இடைவெளி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது அவசியம்.

மூன்றாவது, கால் வைக்கும் பலகை. இது வண்டியின் நடுவிலும் தாழ்விலும் இருப்பதால், கனமான பைக்குக் கணக்குப்படி உத்தமமான ஸ்தானம். ஆனால் பை முழங்காலுக்கு மேல் உயரக் கூடாது. கைப்பிடி திரும்பும்போது அதில் இடிக்கக் கூடாது. கால்களை வெளியே தொங்கவிடும்படி செய்யக் கூடாது. பழைய கியர் ஸ்கூட்டர் வைத்திருப்பவர்கள் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். அவற்றில் பின் பிரேக் வலக் காலடியில் இருக்கிறது. பை நகர்ந்து பிரேக்கின் கீழே புகுந்துகொண்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. முன்னால் உள்ள கொக்கியில் தொங்கும் பை ஊஞ்சல் ஆடாதபடி அதன் அடிப்பாகம் பலகையில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

அதே பலகையில் குழந்தையை நிற்க வைத்துக்கொண்டு போகும் வழக்கமும் இருக்கிறது. குழந்தை சாமான் அல்ல. 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம் ஓட்டுகிறவரைத் தவிர ஒருவரை மட்டுமே, அதுவும் பின்னாசனத்தில், ஏற்றிச் செல்ல அனுமதிக்கிறது. குடும்பம் அதற்கு மேற்பட்டதானால் பஸ்ஸும் ரயிலும் இருக்கின்றன. திருவள்ளூருக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் சென்னையிலிருந்து மின்சார ரயிலே ஓடுகிறது.

நான்காவது, முதுகுப் பை. தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகும் வாலிபர்கள் எல்லோரும் இதைத்தான் மாட்டிக்கொள்கிறார்கள். ஒரு மணி நேரத்துக்குச் சரி. நாள் முழுதும் ஓட்டினால் தோள் வலிக்கும். பின்னால் ஒருவர் உட்கார்ந்தால் அவரை விளிம்புக்குத் தள்ளும். இரண்டு பேர் போகும் பிரயாணத்துக்கு இது ஆகாது.

ஆகவே, புடவை உடுத்தி ஒரு பக்கமாக உட்காருகிற பெண்மணியுடன் போகிறவர்களுக்கு நாம் கூறும் யோசனை இதுதான்: கனமானவை டிக்கியில், அதற்கு அடுத்தபடி கனமானவை கால் பலகையில் தட்டையான ஒரு பையில், லேசானவை பின்னால் சிறு பெட்டியில். இவற்றில் அடங்காதது எதுவோ அது வீட்டில். மடியில் ஒன்றும் இல்லை. தோளில் தொங்கும் கைப்பையும் பெட்டிக்குள் போய்விட வேண்டும். அதன் நீண்ட வாரோ, துப்பட்டாவின் நுனியோ சக்கரத்தில் சிக்கினால் விபரீதம்.

டிக்கியைப்பற்றி இரண்டு எச்சரிக்கைகள். இஞ்சினுக்கு மேலே இருப்பதால் அது சூடாகும். மருந்து மாத்திரைகளையும், கெட்டுப்போகக்கூடிய பலகாரங்களையும் அங்கே வைக்கலாகாது. மேலும் பல ஸ்கூட்டர்களில் பெட்ரோல் ஊற்றும் வாய் ஆசனத்தின் கீழேதான் இருக்கிறது. ஆசனத்தின் குறுக்கே பைகளைக் கயிறு போட்டு வரிந்து கட்டிவிட்டால், பெட்ரோல் பங்கில் எல்லாவற்றையும் அவிழ்த்துக் கடை பரப்ப வேண்டியதுதான்!

அடுத்தது, பை எதனால் ஆனது என்பது. முன்பு ரெக்ஸின் பைகள் பிரசித்தமாயிருந்தன. வெயிலில் அவை வெடித்து உரியும். கித்தான் உறுதியானது, ஆனால் நனைந்தால் கனக்கும். வடகிழக்குப் பருவ மழை ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இந்தச் சீமையில் பெய்யும்போது, 'தண்ணீர் புகாது' என்று கடைக்காரர் சொல்வதை நம்பிப் பயனில்லை. பைக்குள் தண்ணீர் புகுவது பெரும்பாலும் துணி வழியாக அல்ல. தையல் துளைகள் வழியாகவும், ஜிப்பின் வழியாகவுந்தான். தார்ப்பாய்ப் பையில் வாயைச் சுருட்டி மூடிக் கொக்கி மாட்டும் ரகம் ஒன்று வருகிறது. அதில் ஜிப்பே கிடையாது. தையலுக்குப் பதில் சூட்டினால் ஒட்டியிருப்பார்கள். வாங்கியதும் பழைய செய்தித்தாளை உள்ளே வைத்து மூடி, மேலே ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பார்த்துவிட்டால் விஷயம் வெட்டவெளிச்சமாகிவிடும். அவ்வளவு செலவு செய்ய இயலாதவர்கள் சாதாரணப் பைக்குள் கெட்டியான பிளாஸ்டிக் உறை ஒன்றைப் போட்டு, அதற்குள் துணிகளை வைக்கலாம். லாரிகளுக்குத் தார்ப்பாய் தைக்கத் தெரிந்த தொழிலாளியிடம் அளவு கொடுத்தால், நம் ஸ்கூட்டரின் கால் பலகைக்கென்றே பொருத்தமாக ஒரு பை தைத்துக் கொடுப்பார். பணமும் நம் ஊரிலேயே தங்கும்.

ஈரத்தைப்பற்றி இன்னொன்று. அமாவாசையன்று திருவள்ளூர் வீரராகவப் பெருமாளைத் தரிசிக்கப் போகிறவர்களும், ஆடி மாதத்தில் பெரியபாளையத்தம்மனுக்கு வேப்பஞ்சேலை சாத்திக்கொண்டு வேண்டுதல் தீர்க்கிறவர்களும் ஈரத் துணியுடன் திரும்புவார்கள். ஈரத் துணிக்கென்று தனிப் பை ஒன்று வேண்டும். ஈரம் துணியின் எடையை எவ்வளவு ஏற்றிவிடும் என்பது துவைக்கிறவர்களுக்குத் தெரியும். பழவேற்காட்டுக்குப் போகிறவர்கள் கருவாட்டை வாங்காமல் திரும்புவது அபூர்வம். கருவாட்டுக்கும் பட்டுப் புடவைக்கும் ஒரே பை என்பது குடும்ப சமாதானத்துக்கு உகந்ததல்ல.

கட்டும் முறையிலும் கவனம் தேவை. இரு நுனியிலும் இரும்புக் கொக்கி வைத்த ரப்பர்க் கயிறு எங்கும் மலிவாகக் கிடைக்கிறது. இழுத்து மாட்டும்போது கொக்கி தவறித் தெறித்தால் கண்ணையே பறித்துவிடும். பள்ளத்தில் குதிக்கும்போது அது நீண்டு கொடுப்பதால் மூட்டையும் நகரும். தட்டையான நாடா வாரும் பூட்டும் கொண்ட கட்டு மேலானது. கட்டிய பின் மிச்ச நுனியைச் சுருட்டிச் செருகிவிட வேண்டும். மாற்றுச் சக்கரம் இல்லாத இக்காலத்து வண்டிகளுக்குப் பஞ்சர் ஒட்டும் சாமானும், காற்றடிக்கும் சிறு பம்பும் டிக்கியின் மூலையில் நிரந்தர வாசிகளாக இருக்கட்டும். பாரம் கூடினால் பின்சக்கரத்தின் காற்றும் கூட வேண்டும். எவ்வளவு என்பது வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கிறது.

இப்படியெல்லாம் செய்து ஸ்கூட்டரில் நெடுந்தூரம் போக முடியுமா என்று மலைக்கிறவர்களுக்கு ஓர் உண்மைக் கதை. மைசூரைச் சேர்ந்த கிருஷ்ணகுமார் என்பவர் உத்தியோகத்தை விட்டுவிட்டு, 2018 ஜனவரியில் தம் தாயார் சூடாரத்னம்மாளுடன் தேச யாத்திரைக்குக் கிளம்பினார். கூட்டுக் குடும்பத்தின் சமையலறையிலேயே காலத்தைக் கழித்த அந்த அம்மாள், பக்கத்திலிருந்த புண்ணிய ஸ்தலங்களைக்கூடப் பார்த்ததில்லையாம். வாகனம், தகப்பனார் கொடுத்துச் சென்ற பழைய பஜாஜ் சேதக் ஸ்கூட்டர். பாரத தேசம் முழுவதும், நேபாளம், பூடான், பர்மாவும் சுற்றி, சுமார் 56,500 கிலோமீட்டர் சென்று 2020-ல் அவர்கள் ஊர் திரும்பினார்கள். எழுபது வயதை எட்டிய ஒரு தாயார் அவ்வளவு தூரம் பின்னாசனத்தில் உட்கார்ந்து இமயமலையைக் கண்டு வந்தார் என்றால், ஸ்கூட்டரின் சக்திக்கு வேறு சாட்சி வேண்டுமா?

நமக்கு இமயமலை வேண்டாம். திருவள்ளூரில் பெருமாளைச் சேவித்துவிட்டு, 1944-ல் கட்டி முடிந்து ஸ்ரீ சத்தியமூர்த்தியின் பெயரைத் தாங்கி நிற்கும் பூண்டி நீர்த்தேக்கத்தின் கரையில் கட்டுச் சோற்றைப் பிரித்து, ஊத்துக்கோட்டை, பெரியபாளையம் வழியாகக் கும்மிடிப்பூண்டி வரையில் போய்வந்தால் போதும். அந்தப் பிரயாணத்தில் நீரின்மேல் வந்து இறங்கும் பறவைகளை ஓட்டுகிறவர் பார்க்க முடியாது; அவர் கண் சாலையில் இருக்க வேண்டும். பார்க்கக்கூடியவர் பின்னால் இருப்பவர் ஒருவர்தான். அவரோ பை நழுவாமல் இருக்கிறதா என்று குனிந்து மடியைப் பார்த்துக்கொண்டே வந்தால், அந்த யாத்திரை யாருக்காக?

கிளம்புவதற்கு முதல் நாள் இரவு சாமான்களையெல்லாம் எடுத்து வைத்துத் தராசில் நிறுத்துப் பாருங்கள். இரண்டு நாள் பிரயாணத்துக்கு இருவருக்கும் சேர்த்துப் பத்துக் கிலோ தாராளம். மூட்டை கட்டிய பின் தெருவை இரண்டு தரம் சுற்றி வாருங்கள். வந்ததும் பின்னாசனத்தில் இருந்தவரை ஒரு கேள்வி கேளுங்கள்: "கை இரண்டும் சும்மா இருந்ததா?" இருந்தது என்று பதில் வந்தால் காலையில் புறப்படலாம். இல்லையென்றால் இன்னும் ஒரு பையை வீட்டிலேயே விட்டுவிட்டுப் புறப்படுங்கள்.